முந்தானைக்குள் போட்ட பட்ஜெட்

காலிக் குடத்தோடு கிணற்றுக்குப் போய் நிறைகுடத்தோடு வீடு திரும்புவதுதான் ஊர் உலக வழக்கம். நான் வாத்தியாரம்மாவாக இருந்த ஊரில் ஓர் ஆண்டு ஆடி மாதத்திலிருந்து பெண்கள் கிணற்றுக்குப் போகும்போதே குடத்தை நிறைத்துக்கொண்டு போனார்கள்.

இடுப்பில் குடம் கனக்கும். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மண் பாதையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வருவார்கள். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் ஒரு நிமிஷம் மறைவார்கள். பிறகு கிணற்றடியில் ராட்டினம் கிறீச்சிடும். திரும்பிப் போகும்போதும் அதே கனம், அதே சாய்வு.

ஒரு நாள் காலையில் ஊர் அதிகாரியின் ஏவலாளான தலையாரி எதிர்ப் புளியமரத்தடியில் நின்று, வேப்பங்குச்சியை மென்றபடி, இந்த ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாக நான் அவனைப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டு எவ்வளவு என்பது எனக்கே மறந்துபோயிற்று.

வசமாக மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். நாங்கள் செய்த குற்றம் இதுதான்: ஒரு பெற்றோர் சங்கம் வைத்து, அதற்கு ஒரு பட்ஜெட்டும் போட்டிருந்தோம்.

இந்தத் தொடரில் இரண்டு வாரம் முன்பு பெற்றோர் சங்கத்தைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். உடனே ஒரு வாசகி கடிதம் போட்டுவிட்டார். "அந்தக் காலத்துப் பட்டிக்காட்டில் ஏதம்மா பெற்றோர் சங்கம், ஏது பட்ஜெட்? வயதான காலத்தில் கதை அளக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார். கதை அளக்கவில்லை தாயே. ராகி அளந்தோம். எப்படி என்று சொல்கிறேன்.

வயிற்றில் தண்ணீர், கையில் சிலேட்டு

வத்தல்மலை அடிவாரத்து ஊர் அது. பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகிற வீடுகளில் இன்னும் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கெல்லாம் சேலம்தான் ஜில்லா. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் ஜனங்கள் அல்லாடிய காலம்.

பள்ளிக்கூடம் ஓராசிரியர் பள்ளி. அந்த ஓராசிரியர் நான்தான். வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், இருபதைத் தாண்டிய வயது, ட்ரெயினிங் முடித்த மிடுக்கு. முன்கோபமும் உண்டு. கோபம் வந்தால் எனக்கு முதலில் காது சூடாகும். பிறகு வாய் பேசும். அது இன்றைக்கும் அப்படித்தான்.

பிள்ளைகளில் பாதிப் பேர் ஊர்ப் பிள்ளைகள். மீதிப் பேர் மலைப் பிள்ளைகள். ஊர்ப் பிள்ளைகள் மத்தியானம் வீட்டுக்கு ஓடிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடும். மலைப் பிள்ளைகள் காலையில் இறங்கினால் பொழுது சாய்ந்துதான் ஏறும். களியை இலையில் கட்டிக் கொண்டுவருவார்கள். அந்த ஆண்டு மழை பொய்த்துப் போய், மலைக்காட்டில் சாமையும் விளையவில்லை, ராகியும் விளையவில்லை. சித்திரை தாண்டியதும் களிமூட்டை நின்றுபோயிற்று.

மத்தியானமானால் அந்தக் குழந்தைகள் கிணற்றடிக்குப் போய் வயிறு உப்பத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காரும். நடந்தால் வயிற்றுக்குள் தண்ணீர் குலுங்குவது கேட்கும். சத்தியமாகச் சொல்கிறேன், கேட்கும்.

வெள்ளச்சி என்றொரு மலைப்பெண். புளியும் சீமாறுத் துடைப்பமும் கொண்டுவந்து விற்பாள். அவள் மகள் பொன்னி ஒரு நாள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபடியே சிலேட்டின் மேல் சரிந்துவிட்டாள். தூங்குகிறாள் என்று நினைத்துக் குரல் கொடுத்தேன். கிட்டப் போய்த் தொட்டால் உடம்பு ஜில்லிட்டிருந்தது. என் வீட்டுக் கஞ்சியை ஊற்றி எழுப்பினேன். அடுத்த நாள் பொன்னி வரவில்லை. அதற்கு அடுத்த வாரத்துக்குள் மலைப் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஸ்கூல் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். பாதிப் பள்ளி காலியாக இருந்தது.

"இந்த வருகையை வெச்சிக்கிட்டு இங்க ஒரு பள்ளிக்கூடம் நடத்த முடியாதும்மா. நவராத்திரி லீவு முடிஞ்சு வருவேன். அதுக்குள்ள புள்ளைங்க திரும்பி வரணும். இல்லேன்னா மூடச் சொல்லி எழுதிட்டுப் போவேன்" என்றார்.

"பசியில வர்ற புள்ளைங்களுக்கு ஏதாச்சும் வழி..."

"ஒரு பெற்றோர் சங்கம் ஆரம்பிங்க. பட்ஜெட் போடுங்க. எல்லாத்துக்கும் சர்க்காரையே எதிர்பார்த்தா எப்படி?"

சொல்லிவிட்டுச் சைக்கிள் ஏறிவிட்டார். என் காது சூடாயிற்று. அடுத்த பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். இதை மூடினால் மலைப் பிள்ளைகளில் ஒன்றுகூட அங்கே போகாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மூட விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

தலைவர் இல்லாமல் சங்கமா?

சங்கம் என்றால் ஒரு தலைவர் வேண்டும். ஊரில் பெரிய மனிதர் யார்? மணியக்காரர். வரி வசூலிப்பவர், சர்க்காருக்கு ஊரின் முகம். அவருடைய கடைசி மகள் என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்தாள். நேராகப் போய்க் கேட்டேன். சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. தாலுக்கா ஆபீஸில் வாங்கிய திட்டை ஊரில் வந்து இறக்கி வைப்பவர், அவ்வளவுதான். அவருக்கு உயிர் அவருடைய காளை ஜோடி. தீர்த்தமலைப் பக்கத்துச் சந்தையில் தரகரோடு துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசி வாங்கியது. அந்த ஜோடியின் விலை அவர் மனைவிக்கே தெரியாது என்று ஊரில் சொல்வார்கள். சிவப்புக் கரை போட்ட துண்டு எப்போதும் தோளில் கிடக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தகப்பன்மார்களைப் புளியமரத்தடியில் கூட்டினேன். தலைவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். நான் எழுந்து பட்ஜெட்டை வாசித்தேன்.

"மத்தியானக் கூழுக்கு ராகி. உப்பு. மிளகாய். ஒரு பெரிய சட்டி. விறகு. கூழ் கிண்டறதுக்கு ஒரு ஆள்."

"உப்புக்குமா கணக்கு?" என்றார் ஒருவர்.

"இது யுத்த ஃபண்டுங்களா?" என்றார் இன்னொருவர். போன தடவை யுத்த நிதி என்று வந்து வாங்கிக்கொண்டு போனவர்கள் ஒரு ரசீதுகூடக் கொடுக்கவில்லையாம்.

"யுத்த ஃபண்டு இல்லீங்க. உங்க புள்ளைங்களோட சங்கம். நீங்கதான் அங்கத்தினர். ஒவ்வொருத்தரா எழுந்து உங்க வூட்ல மாசம் எவ்வளவு ராகி குடுக்க முடியும்னு சொல்லுங்க" என்றேன்.

மரத்திலிருந்து புளியம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார்.

"எங்க வூட்ல ஏதுங்க ராகி? எலி கூட வூட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருச்சுங்க."

அவ்வளவுதான். அடுத்தவர் எழுந்து, தன் வீட்டில் எலி வந்து வருஷம் ஆயிற்று என்றார். அதற்கு அடுத்தவர் வீட்டில் அடுப்பில் பூனை குட்டி போட்டிருந்தது. ஏழ்மையில் ஒருவரையொருவர் மிஞ்சிக்கொண்டு போனார்கள். கடைசியில் தலைவரே தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க வூட்லயும் இந்த வருசம் பெருசா ஒண்ணுமில்ல வாத்தியாரம்மா" என்றார்.

கூட்டம் கலைந்தது. பட்ஜெட்டுக்கு வரவு ஒரு பிடி ராகிகூட இல்லை.

நான் குமுறிக்கொண்டிருந்தேன். கஞ்சப் பிரபுக்கள், பெற்ற பிள்ளைகளுக்கே கொடுக்காத பிரபுக்கள் என்று மனசுக்குள் அர்ச்சனை செய்தேன். மறுநாள் காலையில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் பொறிதட்டியது. துடைத்த துணியோடு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பஞ்ச காலத்தில் மணியக்காரருக்கு இன்னொரு வேலையும் வந்திருந்தது. வீடு வீடாகப் போய் எவ்வளவு தவசம் தானியம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுச் செலவுக்குப் போக மிச்சத்தைச் சர்க்கார் சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்ளும். ஆகவே ஊரில் அத்தனை பேரும் அவரிடம் "இல்லை" என்று சாதித்து வைத்திருந்தார்கள். குழியிலும், தானியம் கொட்டி வைக்கும் தொம்பையிலும் கொஞ்சம் கொஞ்சம் பதுக்கி வைத்திருந்தார்கள். அந்த மனிதரையே கட்டிலில் உட்கார வைத்து, அவர் காதுபட, உங்கள் வீட்டில் எவ்வளவு ராகி இருக்கிறது என்று ஊரையே கேட்டிருக்கிறேன்! பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதைதான். இரண்டு படி தருகிறேன் என்று ஒருவன் சொன்னால் அவன் மணியக்காரரிடம் சொன்னது பொய் என்று ஆகிவிடும்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் ஒன்று தெளிவாயிற்று. ஊரில் ராகி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு வாய்தான் இல்லை.

துண்டும் விரலும்

இங்கே என் அப்பாவின் சந்தைக்குக் கொஞ்சம் போய்வர வேண்டும்.

அப்பாவுக்கு மாடு வாங்கி விற்கும் பித்து. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கம்பைநல்லூர்ப் பக்கத்துச் சந்தைகளுக்கெல்லாம் என்னையும் வண்டியில் போட்டுக்கொண்டு போவார். மாட்டு மூத்திரமும் வைக்கோலும் வறுத்த கடலையும் கலந்த அந்த வாசனை இன்றும் எனக்குப் பிடிக்கும். யாராவது முகம் சுளித்தால் அவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது.

அங்கே விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. தரகர் கையின் மேல் துண்டைப் போட்டுக்கொள்வார். வாங்குகிறவன் உள்ளே கை விடுவான். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு. விரலை மடித்துப் பிடித்தால் பாதி. வெளியே இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நிற்பார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

ஒரு தடவை நான் ஆசை தாங்காமல் குனிந்து துண்டுக்குள் எட்டிப் பார்த்தேன். முதுகில் ஓர் அறை விழுந்தது. அப்பா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். ஆனாலும் எப்படிப் பிடித்தால் எவ்வளவு என்பதை நான் எப்படியோ கற்றுக்கொண்டுவிட்டேன். வண்டியில் திரும்பி வரும்போது அண்ணனோடு அதே விளையாட்டுத்தான்.

துண்டுக்குள் பேசியதை இன்னொருவன் கேட்கக் கூடாது. கேட்டவனைச் சந்தையில் யாரும் மதிக்க மாட்டார்கள். பங்காளியே ஆனாலும், அதிகாரியே ஆனாலும் கேட்க மாட்டான்.

கரும்பலகைத் துணியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தத் துண்டு நினைவுக்கு வந்தது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. வயசுப் பெண் ஊர் ஆண்களோடு துண்டுக்குள் விரல் பிடித்தால் பள்ளிக்கூடத்தை மூட இன்ஸ்பெக்டர் தேவையில்லை. ஊரே மூடிவிடும்.

சரி, ஆண்கள் எதற்கு? தொம்பையைத் திறந்து தினமும் ராகியை அளந்து எடுப்பது யார்?

சந்தை நாள்

வாரச் சந்தை அன்று ஆண்கள் வண்டி பூட்டிக்கொண்டு விடிகாலையிலேயே போய்விடுவார்கள். ஊரில் பெண்கள் ராஜ்ஜியம். மலைப் பெண்களும் புளிக்கூடையோடு பள்ளிக்கூடம் வழியாகத்தான் இறங்குவார்கள். அந்த நாளைப் பார்த்துத் தாய்மார்களைக் கூப்பிட்டேன்.

வந்தார்கள். கைக்குழந்தையோடு, முறத்தோடு, சிலர் என்னதான் சொல்கிறாள் பார்ப்போம் என்று வெற்றிலை மென்றுகொண்டு. மணியக்காரர் வீட்டம்மாவும் வந்து முன்னால் உட்கார்ந்தார். வெள்ளச்சி கூடையை வாசலில் இறக்கிவிட்டு நிலைப்படியோரம் நின்றாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள்.

"சங்கம்னா பெரிய வார்த்தை, பயந்துக்காதீங்க. புள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிச்சாச்சுன்னா நீங்கதான் சங்கம். பட்ஜெட்னா என்ன? இருக்கறது எவ்வளவு, வேணும்கறது எவ்வளவு, எத்தனை நாளைக்குத் தாட்டணும். இதைத் தெனமும் அடுப்படியில நீங்க பாக்கறீங்களா இல்லியா?"

"பாக்காம? நாங்க பாக்கலேன்னா வூட்ல உல கொதிக்குமா?" என்றார் ஓர் ஆத்தா.

பட்ஜெட்டை வாசித்தேன். புளியமரத்தடியில் தகப்பன்மார்கள் கைவிரித்தார்களே, அதே பட்ஜெட். இங்கே ஒவ்வொரு வரிக்கும் சண்டை வந்தது.

"வெங்காயம் இல்லாம கூழு தொண்டையில எறங்குமா வாத்தியாரம்மா?"

"எழுதிக்கறேன்."

"சட்டி புதுசு வாங்கினா தீஞ்சு போவும். பழகின சட்டிதான் ஆவும்."

"சரிக்கா, சட்டிச் செலவு கழிச்சாச்சு."

"மோர் நான் ஊத்தறேன், எங்க எருமை..." என்று ஒருத்தி உற்சாகத்தில் கத்திவிட்டாள்.

"சத்தமா சொல்லாதீங்க!" என்று நானும் கத்தினேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து முந்தானையை உதறி வலது கையின் மேல் போட்டுக்கொண்டேன். சந்தைக்கே போகாதவர்களுக்கும் அது என்னவென்று தெரிந்திருந்தது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள்.

"ஒரு வெரலுக்கு ஒரு வள்ளம் ராகி. மடிச்ச வெரலுக்கு அரை வள்ளம். குடுக்க முடியாதவங்க கையை மூடிக்கிட்டு நீட்டுங்க, அது எனக்கு மட்டும்தான் தெரியும். செத்தாலும் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"எங்க வூட்டுக்காரரு கேட்டா?"

"அவரு கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"மணியக்காரரு கேட்டா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் முன்வரிசையில் இருந்த மணியக்காரர் வீட்டம்மாவைப் பார்த்தார்கள். அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாரு கேட்டாலும்" என்றேன்.

இன்னொரு கேள்வியும் வந்தது. வரும் என்று தெரியும். "எங்க புள்ளைங்களும் மலைப் புள்ளைங்களும் ஒண்ணா உக்காந்து குடிக்கறதா?"

என் காது சூடாயிற்று. "ஒரே சட்டி, ஒரே வரிசை. ஒண்ணா உக்காந்து படிக்கறப்போ ஒட்டாதது கூழு குடிக்கறப்போ மட்டும் ஒட்டிக்குமா? வேணாம்னு நெனைக்கறவங்க இப்பவே எழுந்து போலாம்." ஒருத்தி எழுந்தாள். முறத்தை எடுத்து இடம் மாற்றி வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

வெள்ளச்சி பேசினாள். "எங்க புள்ளைங்களுக்கு ஓசிக் கூழு வேணாங்க. ராகி இல்ல. வெறகு இருக்குது."

"அப்போ உங்களுக்கு ஒரு வெரலுக்கு ஒரு சொமை."

அவள் முகம் மலர்ந்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

வரிசையாகப் போனேன். முந்தானைக்குள் ஒவ்வொரு கையாக வந்தது. மாவு காய்ந்து ஒட்டிய கை, சாணி மணக்கும் கை, வளையல் குத்தும் கை, பயத்தில் வேர்த்திருந்த கை. மேலே எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினார்கள். சந்தையிலாவது ஆண்களுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியும்.

ஒரு கை மூடியே வந்தது. நான் அதை ஒரு கணம் பிடித்துக்கொண்டேன். அந்தம்மா என் கண்ணைப் பார்க்கவில்லை. அந்த மூடிய கை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. புளியமரத்தடியில் எழுந்து நின்று இல்லை என்றவர்களில் ஒருவராவது உண்மையைச் சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. மற்றவர்களைக் கடந்த அதே நேரத்தை எடுத்துக்கொண்டுதான் அவரையும் கடந்தேன். என் பக்கத்தில் இருந்தவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்துக் கூழ் ஊற்றினால் ஆவணி முடிகிறவரைதான் தாங்கும். நவராத்திரிக்குப் பிறகு இன்ஸ்பெக்டர் வரும்போது சட்டி காலியாக இருக்கும். அதை அவர்களிடம் சொல்லவில்லை. "பட்ஜெட் பாஸ்" என்று சொல்லிவிட்டேன். அடுப்பை முதலில் மூட்டிவிட வேண்டும். மூட்டிய அடுப்பை அணைய விடாமல் பார்த்துக்கொள்வது என் பாடு.

குடத்துக்குள் ராகி

கொடுப்பதாகச் சொன்ன ராகி யார் கண்ணிலும் படாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர வேண்டுமே? அதற்கும் தாய்மார்கள்தான் வழி சொன்னார்கள். ஊருக்குக் குடிதண்ணீர்க் கிணறு பள்ளிக்கூடத்தை ஒட்டித்தான் இருந்தது. குடத்தில் ராகியைப் போட்டு, மேலே சும்மாட்டுத் துணியை வைத்து மூடிக்கொண்டு வருவார்கள். பின்னறையில் இருந்த மூங்கில் தொம்பையில் கொட்டிவிட்டு, குடத்தைக் கழுவித் தண்ணீர் மொண்டுகொண்டு போவார்கள். தொம்பைக்குள் எல்லோர் ராகியும் கலந்துவிடும். எந்தக் கை எவ்வளவு போட்டது என்று சாமிக்குக்கூடத் தெரியாது.

ஆடி பிறந்ததும் அடுப்பு மூட்டினோம். மத்தியான மணி அடிக்கும் முன்பே கூழ் வாசனை வகுப்புக்குள் வந்துவிடும். அதற்குப் பிறகு எந்தப் பாடமும் ஏறாது. சேதி மலைக்குப் போனது. பொன்னி திரும்பி வந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். ஆளுக்கொரு கொட்டாங்குச்சியோ ஈயக் கிண்ணமோ கொண்டுவந்தார்கள். வெங்காயத்தைக் கடிக்கிற சத்தம் வரிசை முழுக்கக் கேட்கும்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பெண்கள் ஏன் கிணற்றுக்குப் போகும்போதே ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறார்கள் என்று ஓர் ஆண்பிள்ளை யோசிக்கிற வரைக்கும்.

தொம்பைக்கு முன்னால்

தலையாரியைப் புளியமரத்தடியில் பார்த்த அன்றைக்கே, கூழ் ஊற்றிக்கொண்டிருக்கும்போது மணியக்காரர் வந்துவிட்டார். பின்னால் தலையாரி. பின்னறைக்குள் போய்த் தொம்பைக்குள் கையை விட்டார். வெளியே எடுத்தபோது கை நிறைய ராகி.

"இது யாரோடது வாத்தியாரம்மா?"

"புள்ளைங்களோடதுங்க."

"புள்ளைங்க வெதைச்சாங்களா? ஒவ்வொரு வூட்லயும் ஒரு படி கூட இல்லேன்னு என்கிட்ட சத்தியம் பண்ணாங்க. யார் யார் எவ்வளவு குடுத்தாங்கன்னு சொல்லுங்க. நான்தானே சங்கத்துத் தலைவரு? எனக்குக் கணக்கு காட்ட மாட்டீங்களா?"

பிள்ளைகள் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். வரிசையில் அவருடைய மகளும் பொன்னியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கிணற்றடியில் நின்ற பெண்கள் அசையவில்லை. இரண்டு பேர் இடுப்பில் குடம் அப்படியே இருந்தது. அந்தக் குடங்களில் தண்ணீர் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பயமாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. அவர் நினைத்தால் தொம்பையோடு தூக்கிக்கொண்டு போகலாம். என் வேலைக்கே உலை வைக்கலாம். ஆனால் இவ்வளவு தூரம் வந்தபிறகு பின்வாங்க எனக்கு மனசில்லை. பின்னறை வாசலில் போய் நின்றுகொண்டேன்.

"கணக்கு காட்டறேனுங்க. வந்தது அத்தனையும் ராகி. போனது அத்தனையும் கூழு. எடுத்துக்கிட்டுப் போகணும்னா இந்த வரிசையில உங்க மகள்கிட்டேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு கிண்ணமா எடுத்துக்குங்க."

"யாரு குடுத்தாங்கன்னு கேட்டேன்."

"அதை மட்டும் சொல்ல வழியில்லீங்க. அது துண்டுக்குள்ள பேசினது."

அவர் புருவம் ஏறியது. "துண்டுக்குள்ளயா?"

"என் முந்தானைக்குள்ள. ஐயா சந்தைக்குப் போறவரு. துண்டுக்குள்ள பேசினதை வெளிய கேக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

அதிகாரியாக வந்திருந்த மனிதருக்குள் ஒரு சந்தைக்காரர் இருந்தார், அவரால் அதைக் கேட்க முடியவில்லை. கையிலிருந்த ராகியைப் பார்த்தார். மறுபடி தொம்பைக்குள்ளேயே விட்டார். ஒரு மணிகூடக் கீழே சிந்தாமல் விட்டார்.

அடிப்பக்கம் தெரிந்த தொம்பையை எட்டிப் பார்த்தார். "இது எத்தினி நாளைக்கு வரும்?"

"ஆவணி முடியறவரைக்கும்."

"இன்ஸ்பெக்டரு?"

"நவராத்திரி முடிஞ்சு."

தோளிலிருந்த சிவப்புக் கரைத் துண்டை எடுத்தார். உதறினார். வலது கையின் மேல் போட்டுக்கொண்டு என்னை நோக்கி நீட்டினார்.

கிணற்றடியில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. ஊர் வாய் எனக்கு நினைவுக்கு வந்தது. வந்த வேகத்தில் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பட்டப்பகல், சுற்றி முப்பது குழந்தைகள், கையில் கூழ்க் கரண்டி. கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டுத் துண்டுக்குள் கையை விட்டேன்.

அவர் விரல் பிடித்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புளியமரத்தடியில் இல்லை என்று சொன்ன கடைசி ஆள் அவர்தான். ஊரையெல்லாம் அளந்து எழுதிக் கொடுத்துவிட்டு, தன் வீட்டில் ஒன்றுமில்லை என்று எழுதியவர். அந்தத் துண்டு எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் வேண்டியிருந்தது.

"மழை வருமாட்டம் இருக்குதுங்களே" என்றேன் நான், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"வரும் வரும்" என்றார் அவர், தானும் கூரையைப் பார்த்துக்கொண்டு.

விரலை விட்டார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை கிணற்றடியில் சிரிப்புச் சத்தம் தாங்கவில்லை. எட்டிப் பார்த்தேன். தலையாரி தலையில் ஒரு பெரிய குடத்தோடு வந்துகொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து தண்ணீருக்கு வராத ஆண்பிள்ளை. குடம் கனத்தில் கழுத்து உள்ளே போயிருந்தது. யாரையும் பார்க்காமல் பின்னறைக்குப் போய்விட்டு, காலிக் குடத்தோடு திரும்பி நடந்தான். "தண்ணி மொள்ளாம போறியே!" என்று பெண்கள் கத்தினார்கள். பாவம், அந்தப் பகுதியை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நவராத்திரி லீவு முடிந்து இன்ஸ்பெக்டர் வந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். ஒரு கிண்ணம் கூழும் குடித்தார். பட்ஜெட்டைக் காட்டச் சொன்னார். எங்கள் தலைவரைக் கேளுங்கள் என்றேன். பக்கத்தில் நின்ற மணியக்காரர், "அதெல்லாம் சரியா இருக்குதுங்க" என்றார். பள்ளிக்கூடம் மூடவில்லை.

மணியக்காரர் வீட்டம்மாவும் சந்தை நாளன்று என் முந்தானைக்குள் கை விட்டவர்தான் என்று மேலே எழுதியதிலிருந்தே ஊகித்திருப்பீர்கள். அந்த ஒரு வீட்டிலிருந்து எங்கள் பட்ஜெட்டுக்கு இரண்டு வரவு. மனைவி கொடுத்தது கணவருக்குத் தெரியாது. கணவர் எவ்வளவு கொடுத்தார் என்பது மனைவிக்குத் தெரியாது. இரண்டு பேரும் இன்று இல்லை.

இருவரில் யார் அதிக விரல் பிடித்தார்கள் என்று கேட்டுக் கடிதம் எழுத நினைக்கும் வாசகர்கள் தபால் செலவை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று அவர்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.